ஒட்டிய பின் தெரியாது
(பொதுச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



வீட்டுக் கொட்டகையில் சொந்தக் கையால் விமானம் கட்டும் வழக்கத்துக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏறத்தாழ நூறாண்டு வயதாகிறது. மினசோட்டா மாநிலத்தின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினைப் பொருத்தி 1929இல் பறக்கவிட்ட ஏர் கேம்பரை இன்றும் யாரோ ஒருவர் எங்கோ புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். பிரான்சில் 1948இல் பறந்த ஜோடெல் டி9, இன்னொரு மரப் பரம்பரையைத் தொடங்கிவைத்தது. 1953இல் பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனைத் தொடங்கிய பிறகு, தனித்தனியே உழைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓர் இயக்கமானார்கள். இப்படிக் கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் நின்று யோசிக்கும் கேள்வியைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பசையால் ஒட்டுவது?

மர விமானத்தில் ஆணி இருக்கிறதே, அது தாங்காதா என்று சிலர் கேட்பதுண்டு. அந்த ஆணிகள் குண்டூசி அளவே இருக்கும். பசை இறுகும்வரை ப்ளைவுட்டை அழுத்திப் பிடிப்பது மட்டுமே அவற்றின் வேலை. பல கட்டுநர்கள் பசை காய்ந்ததும் ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள், எடை மிச்சம். விமானம் வானில் இருக்கும்போது இறக்கையின் மொத்தச் சுமையும், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உள்ள பசைப் படலத்தின் வழியாகத்தான் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகிறது.

இங்கே ஒன்றை ஊன்றிச் சொல்ல விரும்புகிறேன். போல்ட்டைக் கழற்றிப் பார்க்கலாம். பற்றவைத்த இடத்தை எக்ஸ்-ரே எடுக்கலாம். ரிவெட் தளர்ந்தால் அதைச் சுற்றிக் கறுப்புப் பொடி படிந்து காட்டிக்கொடுக்கும். பசை மூட்டு அப்படி எதையும் சொல்லாது. அல்ட்ராசவுண்ட் கருவி மூட்டுக்குள் இருக்கும் வெற்றிடத்தைக் காட்டும். ஆனால் இரண்டு பரப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பிடிப்பு மட்டும் இல்லாமல் இருந்தால், அது கருவிக்கும் நல்ல மூட்டாகவே தெரியும். அந்த மூட்டின் பலத்தை அறிய வேண்டுமென்றால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். உடைத்துவிட்டால் மூட்டே இல்லை. ஆகவே, 'எந்தப் பசைக்கு வலிமை அதிகம்?' என்று கேட்பது தவறான இடத்தில் தொடங்குவது. என் கொட்டகையில், என் ஊர் வெயிலிலும் ஈரத்திலும், என் கையால், ஒவ்வொரு முறையும் பிசகாமல் எந்தப் பசையை நான் ஒட்ட முடியும் என்பதே சரியான கேள்வி. இன்று நான் சொல்லப்போகும் அனைத்தும் இந்தக் கேள்விக்கான விளக்கம்தான்.

வரலாறு இதைப் பலமுறை காட்டியிருக்கிறது. 1931 மார்ச் 31 அன்று கான்சாஸ் மாநிலத்தில் ஒரு ஃபாக்கர் எஃப்-10 பயணிகள் விமானம் நடுவானில் இறக்கை ஒடிந்து விழுந்தது. நாடே கொண்டாடிய அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். மர இறக்கைக்குள் ஈரம் புகுந்து பசையைத் தளர்த்தியிருந்தது. அதன்பின் அத்தகைய இறக்கைகளின் உட்புறத்தை அடிக்கடி திறந்து சோதிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. விமான நிறுவனங்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. பயணிகள் விமானத்தில் மரத்தின் காலம் முடிந்து அலுமினியத்தின் காலம் வேகமாக வந்ததற்கு அந்த ஒரு விபத்து பெரிய காரணம்.

அடுத்த கதை நம் மண்ணைத் தொட்டது. டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் மாஸ்கிட்டோ, இரண்டாம் உலகப் போரின் மிக வேகமான விமானங்களில் ஒன்று. 1940 நவம்பரில் முதலில் பறந்தது. பர்ச் ப்ளைவுட் இரண்டுக்கு நடுவே பால்ஸா மரம் வைத்து ஒட்டிய உடல், ஸ்ப்ரூஸ் மரத்தில் ஸ்பார்கள், அதாவது இறக்கையின் நீளச் சட்டங்கள். தொடக்கத்தில் அதை ஒட்டியது கேசின் பசை; பாலைத் திரித்து எடுக்கும் புரதத்தோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்வது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதில் பூஞ்சை வரும், பசை உணவாகிவிடும். பிறகு யூரியா-ஃபார்மால்டிஹைட் பசைக்கு மாறினார்கள். 1944 நவம்பரில் தூரகிழக்குப் போர்முனையில் சில மாஸ்கிட்டோக்கள் விபத்துக்குள்ளாயின. பழி உடனே இந்தியப் பருவமழைமேல் விழுந்தது. நிறுவனத்தின் குழு இந்தியாவுக்கு வந்து பார்த்துவிட்டு, பசை கெடவில்லை, மழைக்காலத்தில் மரச்சட்டம் சுருங்கியதே காரணம் என்று டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. விசாரணை அதோடு நிற்காமல் போனது நல்லதாயிற்று. பின்னர் நடந்த ஆய்வு, உற்பத்தியில்தான் பிழை என்றது. இங்கிலாந்தின் டெஃபோர்டில் வேறு விமானங்களைத் திறந்து பார்த்தபோது, மழைக்காலத்தையோ கரையானையோ கண்டே இராத அவற்றிலும் அதே குறைகள் இருந்தன. தொழிற்சாலையில் ஒட்டிய தரம் போதவில்லை.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டுத் தட்பவெப்பம் பசைக்குக் கொடியது என்பது உண்மை, அதற்குப் பின்னர் வருகிறேன். ஆனால் மோசமாக ஒட்டிய மூட்டு எந்த ஊரிலும் மோசமான மூட்டுதான். அந்த விமானங்களை ஒட்டியவர்கள் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மேற்பார்வையாளர்களோடும் சோதனையாளர்களோடும் வேலை செய்தவர்கள். கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை தனியே நின்று ஒட்டுகிறவருக்குத் தானேதான் மேற்பார்வையாளர்.

அதே 1944இல் எதிர்ப்பக்கத்தில் நடந்தது வேறு பாடம். ஜெர்மனியின் ஃபாக்கே-உல்ஃப் டிஏ-154 மர விமானம், டெகோ ஃபிலிம் என்ற பினாலிக் பசைத் தாளை நம்பி வடிவமைக்கப்பட்டது. வுப்பர்டாலில் இருந்த அதன் ஆலை பிரிட்டிஷ் குண்டுவீச்சில் அழிந்தது. அவசரத்துக்கு வேறொரு பசையைக் கொண்டுவந்தார்கள். அதில் அமிலம் மிகுதி. ஒட்டிய மரத்தையே அது அரித்தது. அந்த விமானங்களில் சில ஒட்டு விட்டு விழுந்தன. ஹைன்கெல் ஹெச்இ-162 ஜெட் விமானத்திலும் இதே தொல்லை. 1944 டிசம்பர் 6 அன்று முதல் பறப்பிலேயே சக்கரக் கதவு ஒன்று பசை விட்டுக் கழன்றது. நான்கு நாளில் அடுத்த பறப்பில் இறக்கைப் பாகம் பிய்ந்து விமானி உயிரிழந்தார். வடிவமைத்தவர் ஒரு பசையை மனத்தில் வைத்து வரைந்திருக்கிறார். கட்டுகிறவர் வேறொன்றைப் போட்டால், அது டப்பாவில் எவ்வளவு நல்ல பசையாக இருந்தாலும், அந்த விமானத்துக்கு அது சோதிக்கப்படாத பசை. வரைபடத்தில் சொன்ன பசையை மாற்ற நினைப்பவர் முதலில் வடிவமைப்பாளருக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

இனி இன்றைய பசைகள். கேசினைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இன்று அது பழைய விமானங்களைப் பழுதுபார்ப்பவருக்கு அடையாளம் தெரிய வேண்டிய பசை, அவ்வளவுதான். நம் தச்சுப் பட்டறைகளில் புழங்கும் வெள்ளைப் பசை மேசைக்கும் அலமாரிக்கும் நல்லது. ஆனால் தொடர்ந்து சுமை நின்றால் அது மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும், வெப்பத்திலும் நீரிலும் இளகும். இறக்கைக்குள் அதற்கு இடமே இல்லை. பொங்கி நுரைத்து இடைவெளியை நிரப்பும் பாலியூரித்தேன் பசையிலும் அந்த நுரை நிரப்பிய இடத்தில் பலம் இருக்காது.

யூரியா-ஃபார்மால்டிஹைடுக்கு மதிப்பான வரலாறு உண்டு. கேம்பிரிட்ஜ் அருகே டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி ப்ரைன் என்ற அறிவியலாளர் 1937இல் இவ்வகைப் பசையான ஏரோலைட்டை உருவாக்கினார். அவரே ஸ்நார்க் என்ற ப்ளைவுட் விமானத்தை வடிவமைத்துப் பறக்கவிட்டவர், அதனால் பசையின் தேவையை விமானத்தின் பக்கமிருந்து அறிந்தவர். ஒரு பரப்பில் ரெசினையும் மறு பரப்பில் அதை இறுகச் செய்யும் அமில ஹார்டனரையும் பூசிச் சேர்க்கும் முறை. பிரிட்டனில் வீட்டு விமானம் கட்டியவர்கள் பல பத்தாண்டுகள் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இந்த வகைப் பசை விரைவில் நலியும். அமெரிக்க விமானத் துறை 1998இல் வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டி, கட்டுமானப் பழுதுக்கு இவ்வகை வழக்கொழிந்தது என்றே எழுதிவிட்டது. நம் ஊரில் கட்ட நினைப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.

மிஞ்சுவது இரண்டு: ரெசார்சினாலும் எபாக்ஸியும். மர விமானக்காரர்களிடையே நடக்கும் வாதம் பெரும்பாலும் இவற்றுக்கிடையில்தான்.

ரெசார்சினால் 1940களின் தொடக்கத்தில் வந்தது. கருஞ்சிவப்பாக இருக்கும். கொதிநீரும் அதை அசைக்காது, வெயிலும் அசைக்காது. மர விமானக்காரர்கள் பலர் மற்ற பசைகளை உரைத்துப் பார்க்கும் கல்லாக இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் இது கண்டிப்பான பசை. மூட்டு இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் இருக்க வேண்டும். ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்பது, பத்துக் கிலோ அழுத்தம் வேண்டும். அதற்குக் கிளாம்ப்கள் நெருக்கமாக, வரிசையாக வேண்டும். 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது சரியாக இறுகாது, ஆனால் பார்க்க இறுகியது போலிருக்கும். குளிர்நாட்டுக் கொட்டகையில் அது பெரிய இடர். தமிழ்நாட்டில் பெரும்பாலான மாதங்களில் அந்தக் கவலை நமக்கு இல்லை.

எபாக்ஸி பொறுமையான பசை. இடைவெளியை நிரப்பும், குறைந்த அழுத்தம் போதும். அமெரிக்காவில் பலர் விரும்பும் டி-88 போன்றவை குளிரிலும் இறுகும். நான் முன்பு சொன்ன ஏசி 43.13-1பி வழிகாட்டி எபாக்ஸியையும் ஏற்கிறது, ஆனால் பல எபாக்ஸிகளின் மூட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் போதிய அளவு நிலைப்பதில்லை என்ற எச்சரிக்கையோடு. இரண்டின் பழக்கமும் நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள். ரெசார்சினாலுக்குக் கை பழகியவர் எபாக்ஸியையும் அதே வலுவில் கிளாம்ப் போட்டு இறுக்கினால், பசை முழுதும் வெளியே பிதுங்கி மூட்டு வறண்டுபோகும். எபாக்ஸிக்குப் பழகியவர் ரெசார்சினாலை லேசாகப் பிடித்துவிட்டுப் போனால், தடித்த படலமாகக் காய்ந்து நொறுங்கும். ஒரே விமானத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

எபாக்ஸியின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஹார்டனரைக் கூடச் சேர்த்தால் சீக்கிரம் இறுகும் என்ற எண்ணம் பாலியெஸ்டர் ரெசினிலிருந்து வந்த பழக்கம். எபாக்ஸியில் ஹார்டனர் தூண்டிவிடும் பொருள் அல்ல, பசையின் பாதி உடம்பு. கூடினாலும் குறைந்தாலும் ஜோடி கிடைக்காத மூலக்கூறுகள் உள்ளே நின்றுவிடும். பசை என்றும் முழுதாக இறுகாது. கன அளவில் ஒன்றுக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தால் எடையிலும் ஒன்றுக்கு ஒன்று என்று பொருளல்ல. இரண்டின் அடர்த்தியும் வேறு. எடையில் அளப்பதே சிறந்தது, உற்பத்தியாளர் எடைக்குத் தனியே தரும் விகிதத்தில்.

வெப்பத்துக்கு வருவோம். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகள் பெரும்பாலும் 50 முதல் 70 டிகிரிக்குள் கண்ணாடி நிலையிலிருந்து ரப்பர் நிலைக்கு நெகிழத் தொடங்கும். சித்திரை வெயிலில் ஓடுதளத்தில் நிற்கும் விமானத்தின் கறுப்புப் பரப்பு 80 டிகிரியைத் தாண்டும். விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் 1975இல் வெரிஈஸியையும் 1979இல் லாங்-ஈஸியையும் கொண்டுவந்தபோது நுரைக்கட்டி மேல் கண்ணாடியிழைத் துணியை எபாக்ஸியால் படிய வைத்தே முழு விமானத்தையும் கட்டச் சொன்னார். அந்த விமானங்களுக்கு வெள்ளை பூச வேண்டும் என்பது அழகுக்காகச் சொன்னதல்ல. வெள்ளைப் பரப்பு பல பத்து டிகிரி குளிர்ந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் இறக்கை தன் விறைப்பைக் காத்துக்கொள்கிறது. ஒட்டிய பாகத்தைப் பிறகு கூடாரம் போட்டு மெல்லச் சூடாக்கி, உற்பத்தியாளர் சொல்லும் அளவில் சில மணி நேரம் வைத்தால் இந்த நெகிழும் எல்லை மேலே போகும். கோடை வெயில் நம்மிடம் தாராளமாக இருப்பதால், எபாக்ஸியைத் தேர்பவர் அந்தச் சூடாக்கலை விருப்பமான கூடுதல் வேலையாக நினைக்காமல் கட்டாயமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் கடற்கரை ஊர்களின் ஈரம் இன்னொரு வழியிலும் வேலை செய்யும். ஈரக் காற்றில் இறுகும் பல எபாக்ஸிகளின் மேல், ஹார்டனரில் உள்ள அமீன் காற்றின் கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து மெழுகு போன்ற ஒரு படிவை உண்டாக்கும். அதன்மேல் அடுத்த பூச்சைப் பூசினால் ஒட்டாது. வெந்நீரால் துடைத்து, காயவிட்டு, தேய்த்த பிறகே தொடர வேண்டும். உப்புத்தாளால் மட்டும் தேய்த்தால் மெழுகைப் பரப்பியதாகத்தான் ஆகும். மரத்திலும் ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் ஒட்டுவதற்கு நல்லது. சென்னையில் வெறுமனே கிடக்கும் மரம் அதற்கு மேலேயே நிற்கும். ஆகவே மரத்தையும் பசையையும் ஈரம் நீக்கிய சிறிய அறையில் வைத்து ஒட்டுவது செலவுதான், ஆனால் செய்ய வேண்டிய செலவு.

பரப்பைத் தயார் செய்வதில் நம் தச்சர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. கூர்மையான இழைப்புளியால் அன்றே இழைத்த பரப்பு, எட்டு மணி நேரத்துக்குள் ஒட்டப்பட வேண்டும். மழுங்கிய உளி மரத்தின் நுண்துளைகளை நசுக்கி மெருகேற்றிவிடும். ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். பரவி உள்ளே போனால் நல்ல பரப்பு. முத்தாக நின்றால் பசையும் அப்படியே நிற்கும். இதே காரணத்தால், பட்டறையில் சிலிக்கோன் ஸ்ப்ரே இருந்தால் வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

பசை எந்தத் திசையில் பலமாக இருக்கும் என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், எளிதில் நகராது. ஓரத்தை நகத்தால் நெம்பினால் ஒரு நொடியில் உரிந்துவிடும். எல்லாப் பசையும் இப்படித்தான். வழுக்கி நகர முயலும் விசையில் முழுப் பரப்பும் சேர்ந்து தாங்கும், உரிக்கும் விசையில் ஓரக் கோடு ஒன்று மட்டுமே தாங்கும். அதனால்தான் ஸ்பாரை நீளவாக்கில் இணைக்கும்போது பத்துக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில் சீவி ஒட்டுகிறார்கள். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால், 20 மில்லிமீட்டர் தடிமனுக்கு 240 மில்லிமீட்டர் நீளச் சரிவு. மரத்தின் வெட்டுமுனை பசையை உறிஞ்சிக்கொண்டு பிடிப்பைக் கைவிடும் என்பதால்தான் இறக்கை விலாக்களின் மூலைதோறும் ப்ளைவுட் துண்டுகள் இருபக்கமும் ஒட்டப்படுகின்றன. எந்தப் பசையைத் தேர்ந்தாலும் இந்த வடிவமைப்புக்கு அது மாற்றாகாது.

அலுமினியத்தை ஒட்டுவது தனி உலகம். பிரான்சின் மிஷெல் கொலொம்பான் 1973இல் பறக்கவிட்ட க்ரி-க்ரி, வெறும் 78 கிலோ எடையுள்ள இரட்டை எஞ்சின் விமானம், நுரைக்கட்டி விலாக்கள்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டை அரால்டைட் எபாக்ஸியால் ஒட்டியது. ஒட்டும் பரப்பு அதிகம், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கும் சுமை குறைவு. ஆகவே அது கைக்கு அடங்கும் வேலை. ஆனால் சுமை மிகுந்த உலோக மூட்டில் நிலைமை வேறு. அலுமினியம் சுத்தம் செய்த கணத்திலேயே தன்மேல் ஆக்சைடு படலத்தைப் போர்த்துக்கொள்ளும். பசை உண்மையில் ஒட்டுவது அந்தப் படலத்தோடு. ஈரம் பட்டு அந்தப் படலம் மாறினால், பசை கெடாமலே மூட்டு விட்டுப்போகும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் மேற்கூரை பறக்கும்போதே கிழிந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகளின் இணைப்பில் இருந்த பசை விட்டு, உள்ளே அரிப்பு ஏற்பட்டு, சுமை முழுதும் ரிவெட்டுகள்மேல் விழுந்து, துளைகளிலிருந்து விரிசல் பரவியதே காரணம். பாஸ்பாரிக் அமிலத்தில் அனோடைஸ் செய்யும் முறை, அந்த ஆக்சைடு படலம் ஈரத்தைத் தாங்குவதற்காகவே 1970களில் வளர்ந்தது. அதைக் கொட்டகையில் நம்பகமாகச் செய்வது அரிது. எனவே வீட்டில் உலோக விமானம் கட்டுபவர் முதன்மைச் சுமையை ரிவெட்டிடம் விடுவதே சரி.

சரி, நான் எதைப் பரிந்துரைக்கிறேன்? மர விமானமாக இருந்து, வரைபடம் இரண்டையும் அனுமதித்து, கட்டுகிறவர் மூட்டுகளைத் துல்லியமாகப் பொருத்தத் தெரிந்தவராக இருந்தால், நம் வெயிலுக்கு ரெசார்சினால். மூட்டுகள் அவ்வளவு இறுக்கமாக வராது என்று அவருக்கே தெரிந்தால், விமானத் தரத்துக்குச் சோதித்துப் பெயர்பெற்ற எபாக்ஸி, சூடாக்கல், வெள்ளைப் பூச்சு. நுரையும் கண்ணாடியிழையுமான விமானத்துக்கு வடிவமைப்பாளர் சொன்ன ரெசின், வேறெதுவும் இல்லை. கையுறை எல்லாவற்றுக்கும் பொது. ஹார்டனர் தோலில் படப் படத் திடீரென ஒருநாள் ஒவ்வாமை வந்துவிடும். அதற்குப் பிறகு எபாக்ஸி இருக்கும் அறைக்குள்ளேயே நுழைய முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகச் செய்முறை. பசை கலக்கும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் இரண்டு சோதனைத் துண்டுகள் ஒட்டுங்கள், அதே மரத்தில், அதே இழைப்பில், அதே அழுத்தத்தில். அவற்றின்மேல் தேதி, டப்பாவின் தொகுதி எண், அன்றைய வெப்பம், ஈரம், அந்தக் கிண்ணத்தில் எந்த மூட்டுகளை ஒட்டினீர்கள் என்பதை எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து ஒன்றைச் சாதாரணமாகவும், இன்னொன்றை வெந்நீரில் ஊறவைத்துச் சூடு ஆறுமுன்பும் உடையுங்கள். உடைந்த இடம் முழுதும் மரநார் பிய்ந்திருந்தால் மரம் தோற்றது, பசை நின்றது. பளபளவென்று வெறும் பசை மட்டும் தெரிந்தால், அந்தக் கிண்ணத்தில் ஒட்டிய விலா எவ்வளவு அழகாக இருந்தாலும் ரம்பத்தை எடுத்து அறுத்துவிடுங்கள். ஒரு விலாவை மறுபடி செய்ய ஒரு மாலைப் பொழுது போதும்.